வெண்டைக்காய்: ஊறவைத்த நீரும் சமைத்த காயும்

எங்கள் உணவு ஆலோசனை அறைக்கு வரும் நீரிழிவு நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெண்டைக்காயைக் கீறி இரவில் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை குறையுமாமே, குடிக்கலாமா?" கைபேசியில் வந்த செய்தி என்பர், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்பர். கேட்பவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கேளாமலே குடிக்கத் தொடங்கி, மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்களே எங்கள் கவலைக்குரியவர்கள்.

அத்தகைய ஒருவர் அண்மையில் தம் மனைவியுடன் வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். நாவலூரை அடுத்த ஒரு சிற்றூரில் வசிப்பவர். மூன்று வாரங்களாக மெட்ஃபார்மின் மாத்திரையை விட்டுவிட்டு, நாள்தோறும் வெறும் வயிற்றில் வெண்டைக்காய் ஊறிய நீரை அருந்திவந்தார். பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 280 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. காலில் ஒரு சிறு புண்ணும் ஆறாமல் இருந்தது. மருத்துவர் மாத்திரையை மீண்டும் தொடங்கச் செய்து, புண்ணுக்கும் சிகிச்சை தந்து, எங்களிடம் அனுப்பிவைத்தார். நாங்கள் சொன்ன யாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அவர், முடிவில் சற்றுக் கோபத்துடன், "அப்படியானால் இனி வெண்டைக்காயே சாப்பிடக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார்.

அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். மருந்தாக நம்பி ஏமாந்ததற்காக ஒரு நல்ல காயை வீட்டை விட்டே விலக்க வேண்டியதில்லை. வெண்டைக்காய் மருந்தன்று, ஆனால் மிக நல்ல உணவு. எண்ணெயும் உப்பும் அளவோடு சேர்த்துச் சுவையாகச் சமைக்கத் தெரிந்தால், நோயுற்றவரும் வீட்டிலுள்ள மற்றவரும் ஒரே பாத்திரத்திலிருந்து உண்ணலாம்.

காயில் இருப்பது என்ன?

வெண்டை, பருத்திக்கும் செம்பருத்திக்கும் உறவான செடி. அதன் மஞ்சள் பூவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உலகிலேயே மிகுதியாக வெண்டைக்காய் விளைவிக்கும் நாடு இந்தியா. நூறு கிராம் பச்சை வெண்டைக்காயில், அதாவது நடுத்தர அளவில் எட்டு முதல் பத்துக் காய்களில், ஏறத்தாழ 33 கலோரியே உண்டு. நார்ச்சத்து 3 கிராமுக்குச் சற்று மேல். வைட்டமின் சி 23 மில்லிகிராம், ஃபோலேட் 60 மைக்ரோகிராம், கால்சியம் 80 மில்லிகிராம், பொட்டாசியம் 300 மில்லிகிராம் அளவில் உள்ளன. கருவுற்ற தாய்மார்களுக்கு ஃபோலேட் தேவை என்பது பலரும் அறிந்ததே. எனினும் மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரைக்கு எந்தக் காயும் ஈடாகாது.

வெண்டைக்காய் உண்டால் கணக்கு நன்றாக வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதற்குச் சான்று ஏதுமில்லை. ஆனால் அச்சொல்லால் எத்தனையோ பிள்ளைகள் ஒரு காயைத் தின்னப் பழகினார்கள் என்பதால், அந்தப் பொய்யை நாங்கள் பெரிதாகக் கண்டிப்பதில்லை.

இனி, நீரிழிவுக்கு வருவோம். வெண்டைக்காயின் வழவழப்பு என்பது நீரில் கரையும் ஒருவகை நார்ச்சத்து. அது குடலில் கூழ்போல் பரவி, சோற்றிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தும். கீரை, அவரை, பயறு வகைகள் செய்யும் வேலையும் இதைப் போன்றதே. இந்த நன்மை, காயை முழுதாக, சோற்றுடனோ சப்பாத்தியுடனோ சேர்த்து உண்ணும்போது கிடைக்கும். ஊறிய நீரில் அந்தச் சத்தின் ஒரு பகுதிதான் இறங்குகிறது. மேலும், வெறும் வயிற்றில் அதைக் குடிக்கும்போது தாமதப்படுத்துவதற்குச் சோறே அங்கு இல்லை! வெண்டைக்காயைக் கொண்டு நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் சிறியவை. அவற்றில் பெரும்பாலும் தரப்பட்டது உலர்த்திய காயின் பொடி. அதுவும் வழக்கமான மாத்திரைகளை நிறுத்தாமல், அவற்றுடன் சேர்த்துத் தரப்பட்டது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 2011 ஆம் ஆண்டில் வங்கதேச ஆய்வாளர்கள் எலிகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், வெண்டைக்காயின் நீரில் கரையும் பகுதியை மெட்ஃபார்மினுடன் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த மருந்து உடலில் சேர்வது குறைந்தது. எலிகளில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், மாத்திரையை வெண்டைக்காய் நீரால் விழுங்குவது எவ்வகையிலும் அறிவுடைமையாகாது. வெறும் தண்ணீரால் விழுங்குங்கள். மதிய உணவில் வெண்டைக்காய்ப் பொரியல் உண்பதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

வாங்குவதும் வைப்பதும்

நம் பகுதியில் வெண்டைக்காய் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. திருப்போரூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிலருக்கு வரும். பலருக்குக் கோயம்பேடு வழியாக வரும். பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை நேரத்துத் தள்ளுவண்டியில் வாங்குவோர், காய் காலையிலிருந்து வெயிலில் இருந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளவும்.

பிஞ்சா முற்றலா என்று அறிய நுனியை ஒடித்துப் பார்ப்பது நம் வழக்கம். "டக்" என்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து நார் தெரிந்தால் முற்றல். ஒடித்த காயை விட்டுவிட்டு வேறு காயைப் பொறுக்குவோரைக் கண்டு கடைக்காரர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. இரண்டொரு காயை ஒடித்துப் பார்த்து, அவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுவது முறை. விரல் நீளத்தில், மெல்லிய பூமுள்ளுடன், காம்பு கறுக்காமல் இருப்பவை நல்லவை. பூத்து ஐந்தாறு நாட்களில் பறித்தால்தான் காய் பிஞ்சாக இருக்கும். அதனால்தான் உழவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறார்கள். ஒரு பறிப்புத் தவறினாலும் நார் ஏறிவிடும். நார் ஏறிய காய், வயது முதிர்ந்தோருக்கும் பற்செட்டு அணிந்தோருக்கும் ஆகாது.

பளபளக்கும் பச்சையில் மயங்க வேண்டாம். பச்சைக் காய்கறிகளில் மாலக்கைட் பச்சை என்னும் சாயத்தைப் பூசி விற்கும் மோசடி உண்டு. இதைக் கண்டறிய இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் எளிய சோதனையைக் காட்டியுள்ளது. மருந்துக் கடையில் கிடைக்கும் திரவ பாரஃபினில் பஞ்சை நனைத்து, காயின் ஒரு சிறு பகுதியில் தேய்க்க வேண்டும். பஞ்சு பச்சையானால் சாயம். பஞ்சின் நிறம் மாறாவிட்டால் அச்சமில்லை.

பூச்சிமருந்து குறித்த கவலையும் நியாயமானதே. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வெண்டைச் செடியை எளிதில் பாழாக்கும் என்பதால், உழவர்கள் மருந்து தெளிக்க நேர்கிறது. ஆகவே நறுக்குவதற்கு முன், முழுக் காயாக, ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். நறுக்கிய பின் கழுவினால் அழுக்கு உள்ளே போகும். சத்தும் வழவழப்பும் வெளியே போகும். பாத்திரம் கழுவும் சோப்பைக் காய்க்குப் பயன்படுத்தல் கூடாது.

உடனே சமைக்காவிடில் கழுவாமல், துணியிலோ செய்தித்தாள் அல்லாத வெற்றுத் தாளிலோ சுற்றி, குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். மிகுந்த குளிர் வெண்டைக்கு ஆகாது, கரும்புள்ளி விழும். மூன்று நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும்.

வழவழப்பை அடக்குதல்

"அவருக்கு வழவழப்புப் பிடிக்காது, அதனால் நிறைய எண்ணெய் விட்டு மொறுமொறுவென்று வறுத்துவிடுவேன்" என்று ஓர் அம்மையார் எங்களிடம் சொன்னார். அவருடைய கணவர் இதய நோயாளி. கணக்கிட்டுப் பார்ப்போம். கால் கிலோ வெண்டைக்காயில் 80 கலோரி அளவே உண்டு. அதை வறுக்க நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டால், அந்த எண்ணெயில் மட்டும் ஏறத்தாழ 480 கலோரி. காய் ஒரு பங்கு, எண்ணெய் ஆறு பங்கு! வழவழப்பைப் போக்க எண்ணெய் தேவையில்லை. அது ஏன் உண்டாகிறது என்று தெரிந்தால் போதும்.

வழவழப்பு காயின் உள்ளே இருக்கிறது. நறுக்கிய முகத்தில் நீர் பட்டால் அது கரைந்து இழுபடும். ஆகவே முதல் விதி, ஈரமின்மை. கழுவிய காயைத் துணியால் துடைத்து, அரை மணி நேரம் காற்றில் பரப்பிவைத்து, ஈரமற்ற கத்தியால் ஈரமற்ற பலகையில் நறுக்குங்கள். சிறிதாக நறுக்க நறுக்க வழவழப்பு மிகும். அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டாவது, மூடி போடாமை. மூடினால் ஆவி நீராகி மீண்டும் காயின்மேல் சொட்டும். மூன்றாவது, உப்பைக் கடைசியில் சேர்த்தல். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும். நான்காவது, சிறிது புளிப்பு. புளிக்கரைசலோ, எலுமிச்சைச் சாறோ, ஒரு கரண்டித் தயிரோ வழவழப்பை முறித்துவிடும். நம் முன்னோர் வெண்டைக்காயைப் புளிக்குழம்பிலும் மோர்க்குழம்பிலும் இட்டது சுவைக்காக மட்டுமன்று.

பொரியல் செய்யும் முறை இது. நால்வருக்குக் கால் கிலோ காய். அகன்ற வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டுப் பரப்பிவிடுங்கள். வாணலி அகலமாக இருத்தல் இன்றியமையாதது. காய்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் வறுபடாமல் புழுங்கும். மிதமான தீயில் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் மெல்லப் புரட்டுங்கள். ஓயாமல் கிளறினால் காய் குழைந்து இழுபடும். எட்டு நிமிடம் கழித்து ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு தெளித்து, மேலும் ஐந்து நிமிடம் வதக்கினால் நூல்போல் இழுபடுவது நின்றுவிடும். பின்னர் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான உப்பு. இரும்பு வாணலியில் காய் சற்றுக் கறுக்கும்; அதனால் கெடுதல் இல்லை. உப்பு கடைசியில் சேர்க்கப்படுவதால் இன்னொரு வசதியும் உண்டு. உப்பைக் குறைக்க வேண்டியவரின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு, மற்றவர்களுக்கு உப்பிடலாம். அவருடைய பங்கில் எலுமிச்சையும் மிளகுத்தூளும் சற்றுக் கூடுதலாக இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது.

குழம்பு, சாம்பார் எதுவாயினும் காயை முதலில் தனியே வதக்கி, இறக்குவதற்குச் சற்று முன் சேர்த்தல் நலம். வெண்டைக்காயைப் பொன்னிறமாக வதக்கி, ஆறவைத்து, கெட்டித் தயிரில் பரிமாறும் நேரத்தில் கலந்தால் அருமையான பச்சடி. கோவளம், முட்டுக்காடு பக்கத்துக் குடும்பங்களில் சிலர் கருவாட்டுக் குழம்பிலும் இதைச் சேர்ப்பதுண்டு. சுவை குறித்து எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கருவாட்டின் உப்பு, இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்குப் பகை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புத்தான் உடல்நலம் உள்ளவருக்கும் உச்ச அளவு. மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கும் வெண்டைக்காய் வற்றலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வழவழப்பே வேண்டியவர்கள்

எல்லார்க்கும் வழவழப்பு வேண்டாதது என்றில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையால் வாய்ப்புண் வந்தவர்கள், காய்ச்சலில் நா வறண்டவர்கள், பல் இல்லாத முதியவர்கள் ஆகியோருக்கு மேற்சொன்ன விதிகளைத் தலைகீழாக்குங்கள். இளம்பிஞ்சுகளை மிகச் சிறிதாக நறுக்கி, வெந்துகொண்டிருக்கும் பாசிப்பருப்பில் சேர்த்து, மூடிவைத்துக் குழைய வேகவிடுங்கள். சீரகமும் சிறிது நெய்யும் போதும். மிளகாயும் புளியும் வேண்டாம். இந்தக் கூட்டைக் குழைந்த சோற்றில் பிசைந்து, இளஞ்சூட்டில் தந்தால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வேதிச்சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எந்தக் காயும் நன்கு வெந்ததாகவே இருக்கட்டும். பச்சையாகத் தர வேண்டாம்.

ஆனால் பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு இதைத் தாமாகக் கொடுத்துவிடாதீர்கள். மென்மையான கூழும் உருண்டை விதையும் கலந்த உணவு அவர்களுக்குப் புரையேறக் காரணமாகலாம். விழுங்கு பயிற்சி தரும் சிகிச்சையாளரிடம் காட்டிய பின்னரே தர வேண்டும். குடல் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் நார்ச்சத்தை எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவரே சொல்வார்.

கேட்டு உண்ண வேண்டியவர்கள்

சிறுநீரகச் செயல்பாடு குறைந்து, பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள், வெண்டைக்காயை நறுக்கி, நிறைய நீரில் கொதிக்கவிட்டு, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். வழவழப்பாகத்தான் இருக்கும், வடித்த பின் அகன்ற வாணலியில் சிறிது நேரம் வதக்கினால் குறையும். புளிக்குப் பதில் சில துளி எலுமிச்சை போதும். எவ்வளவு, வாரம் எத்தனை முறை என்பது உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பொறுத்தது. வெண்டைக்காய் ஊறிய நீர் இவர்களுக்கு இரட்டிப்புத் தீங்கு. நீக்க வேண்டிய பொட்டாசியம் இறங்கியிருப்பதும் அந்த நீரில்தான். குடிக்கும் நீருக்கே அளவு விதிக்கப்பட்டவர்களும் அவர்கள்தாம்.

ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் நாள்தோறும் உண்ண வேண்டாம். வெண்டையில் ஆக்சலேட் உண்டு. எப்போதாவது உண்ணும்போது தயிருடன் சேர்த்து உண்டால், தயிரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இதய வால்வு மாற்றியவர்களும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை உட்கொள்பவர்களும் வெண்டைக்காயை விலக்க வேண்டியதில்லை. அதில் வைட்டமின் கே நூறு கிராமுக்கு 30 மைக்ரோகிராம் அளவில் உண்டு. கீரையை நோக்க இது குறைவே. ஒரு வாரம் நாள்தோறும் உண்பதும் அடுத்த வாரம் முற்றிலும் விடுவதுமாக இராமல், ஏறக்குறைய ஒரே அளவில் உண்டுவந்தால் மருந்தின் அளவு நிலையாக இருக்கும்.

ஊறவைத்த நீர், பொடி, கஷாயம் என எதை வீட்டில் அருந்திவந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கைபேசியில் வந்த செய்தியையும் கொண்டுவந்து காட்டுங்கள். எங்களில் எவரும் கடிந்துகொள்ளப் போவதில்லை. சொல்லாதிருந்தால், சர்க்கரை ஏன் ஏறியது என்று தெரியாமல் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்ட நேரிடும். பிறகு நீங்கள் பழைய மாத்திரையையும் சேர்த்து உட்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

முதலில் குறிப்பிட்ட அன்பர் அடுத்த மாதம் மீண்டும் வந்தார். மாத்திரை தொடர்கிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 150-க்கு அருகில் இறங்கியிருந்தது, காலில் புண் ஆறிவந்தது. "இப்போது வாரத்தில் இரண்டு நாள் வெண்டைக்காய் மோர்க்குழம்பு, சிஸ்டர். சோற்றைக் குறைத்துக்கொண்டு குழம்பையும் காயையும் கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார்" என்றார் அவர் மனைவி. அவரிடம் கேட்டு எழுதிக்கொண்ட செய்முறையை, அவர் இசைவுடன் இங்கே தருகிறோம்.

ஒரு மேசைக்கரண்டித் துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி பச்சரிசி, ஒரு தேக்கரண்டி தனியா, அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், இரண்டு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சியுடன் விழுதாக அரைத்துக்கொள்ள வேண்டும். இருநூறு கிராம் வெண்டைக்காயை ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வழவழப்பு நீங்கும்வரை வதக்கி எடுத்துவைக்க வேண்டும். ஆடை நீக்கிய, சற்றே புளித்த மோர் இரண்டு குவளையில் விழுதையும் மஞ்சள்தூளையும் கலந்து, இளந்தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரங்களில் நுரை கட்டியதும், கொதிக்கவிடாமல் இறக்கிவிட வேண்டும்; கொதித்தால் மோர் திரிந்துவிடும். வதக்கிய காயைச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, கடைசியில் அரைத் தேக்கரண்டி உப்பு. நால்வருக்குப் போதும். "மறுநாளைக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும்" என்பது அவர் சொல்லச் சொன்னது.